செல்போன் பேட்டரி: கழற்ற முடிந்தால் மட்டும் போதுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே உடைந்து வருகிறவர்களுக்கு அடுத்தபடியாக பேட்டரிக்காக வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதியிருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் பேட்டரியை வீட்டிலேயே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அது நாலைந்து பொது அளவுகளில் வந்து, எந்தக் கம்பெனி போனுக்கும் பொருந்தவும் வேண்டும். முதல் பாதியைப் பற்றி உலகமே பேசுகிறது. இரண்டாவது பாதியைப் பற்றிப் பேச ஆளைக் காணோம்.

வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் சார்ஜ் ஏன் நிற்பதில்லை?

லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தினாலும் தேயும், சும்மா வைத்திருந்தாலும் கொஞ்சம் தேயும். உள்ளே இருக்கும் கிராஃபைட் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் உருவாகிறது. பேட்டரி ஒழுங்காக வேலை செய்ய அந்தப் படலம் தேவைதான். ஆனால் சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்க அது தடித்துக்கொண்டே போய், மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தை விழுங்கிவிடுகிறது. 500 முதல் 800 தடவை முழுதாக ஏறி இறங்கினால் புதிதில் இருந்த கொள்ளளவில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் மிஞ்சும் என்பது சாதாரணக் கணக்கு. தினம் ஒரு முழு சார்ஜ் போடுகிறவருக்கு 800 என்பது இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இதில் நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. பேட்டரியின் எதிரிகளில் சூட்டுக்குத்தான் முதலிடம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, பைக் ஹேண்டிலில் மாட்டிய போன் மேப்பும் காட்டி சார்ஜும் ஏறினால் அதன் உள்சூடு அதற்கும் மேலே போகும். சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறைகளில் ஊதுலைக்குப் பக்கத்திலேயே போனை வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் உண்டு. அந்த போன்களில் பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கியிருப்பது எனக்குப் பழகிப்போன காட்சி.

நாங்கள் ஏற்காடு. அங்கே வெயிலே கிடையாது. எங்களுக்கும் சீக்கிரம் இறங்குகிறதே?

சிக்னல்தான் காரணம். டவர் தூரத்தில் இருந்தாலோ நடுவில் மலை மறைத்தாலோ போன் அதிக சக்தியோடு கத்தித்தான் டவரை எட்ட வேண்டியிருக்கிறது. சிக்னல் போய்ப் போய் வரும் இடத்தில் தேடுவதற்கே சார்ஜ் செலவாகும். எஸ்டேட் வேலைக்குக் காலையில் கிளம்பும்போது 100 இருந்த போன் மதியம் 40-க்கு வந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கீழே சேலத்துக்கு வரும் நாளில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். இங்கேயும் நிற்கவில்லை என்றால்தான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒன்று, தினம் இரண்டு தடவை சார்ஜ் போட வேண்டியிருந்தால் மேலே சொன்ன 800 கணக்கு உங்களுக்குச் சீக்கிரமே முடிந்துவிடும்.

முன்பெல்லாம் நகத்தால் மூடியைத் திறந்தே பேட்டரியை எடுப்போம். ஏன் ஒட்டிவிட்டார்கள்?

2007-ல் வந்த முதல் ஐபோனில் பேட்டரியைக் கழற்ற முடியாது. அப்போது பலர் அதைக் குறையாகத்தான் சொன்னார்கள். சாம்சங் கேலக்ஸி வரிசையில் 2014-ல் வந்த எஸ்5 வரை கழற்றலாம். அடுத்த வருடம் வந்த எஸ்6-ல் கண்ணாடி முதுகு வைத்து மூடிவிட்டார்கள். எல்ஜி இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. பிறகு மலிவு விலை போன்களும் அதே வழியில் போய்விட்டன.

கம்பெனிகள் சொல்லும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. கழற்றும் பேட்டரிக்குக் கெட்டியான பிளாஸ்டிக் உறை வேண்டும், இல்லாவிட்டால் கையாளும்போது நசுங்கி ஆபத்தாகும். அந்த உறையும் அதைத் தாங்கும் தொட்டியும் மூடியும் இடத்தைச் சாப்பிடும். ஒட்டிவிட்டால் மெல்லிய பை போன்ற பேட்டரியை வைத்து, மிச்சமாகும் இடத்திலும் கொள்ளளவைக் கூட்டலாம். கண்ணாடி முதுகு, வயர்லெஸ் சார்ஜிங் எல்லாம் இதனால் எளிதானது. சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது: பேட்டரி தளரும்போது பாதிப் பேர் புது போன் பார்க்கப் போய்விடுகிறார்கள். செருப்பில் வார் அறுந்தால் வாரை மாற்றுவோம். போனில் மட்டும் செருப்பையே மாற்றச் சொல்கிறார்கள்.

ஒட்டினால்தானே தண்ணீர் புகாது?

இதே எஸ்5 கழற்றும் பேட்டரியோடு ஐபி67 தரத்தில் வந்தது. அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். சாம்சங்கின் எக்ஸ்கவர்6 புரோ 2022-ல் அதற்கும் ஒரு படி மேலான ஐபி68 தரத்தோடு வந்தது, அதன் பேட்டரியையும் கையால் எடுக்கலாம். மூடியின் உள்பக்கம் ரப்பர் வளையம், அவ்வளவுதான் வித்தை. வளையத்தில் தூசி படியாமல், மூடியைச் சரியாக அழுத்தி மூட வேண்டும் என்பது உண்மை. ஒட்டிய போனிலும் ஒருமுறை பிரித்துச் சேர்த்த பிறகு பழைய பாதுகாப்புக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

கழற்ற முடிந்தால் போதுமே. எல்லாவற்றுக்கும் பொது அளவு எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையப் பேசுவேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் கழற்றும் பேட்டரி வைத்தவைதான். அவை இன்று எங்கே? போர்டு நன்றாக இருந்தும் மேசை டிராயரில் கிடக்கின்றன. காரணம், அந்த மாடலின் பேட்டரி வருவது நின்றுவிட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நீளம், ஒரு அகலம், போனோடு சேரும் உலோகத் தகடு தொடும் இடம் வேறு வேறு. மாடல் சந்தையை விட்டுப் போனால் பேட்டரி செய்பவரும் நிறுத்திவிடுவார். கடையில் தங்கிய சரக்கும் சும்மா இருந்தே தேய்ந்திருக்கும். மூன்று வருடம் தூங்கிய 'புது' பேட்டரியைப் போட்டுக்கொடுத்தால் ஆறு மாதத்தில் திரும்பி வருவார்கள்.

இப்போது நோக்கியாவின் பிஎல்-5சி பேட்டரியைப் பாருங்கள். 2003-ல் வந்த நோக்கியா 1100-லும் அதுதான், சிம்பியன் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடிய 6600-லும் அதுதான். நோக்கியா தன் பல மாடல்களுக்கு ஒரே பேட்டரியை வைத்ததால் அது எங்கும் பரவியது. 1100 மட்டுமே 25 கோடிக்கு மேல் விற்றது என்றால் பேட்டரிக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும்! பிறகு வேறு கம்பெனிகளின் பட்டன் போன்கள், எஃப்எம் ரேடியோ, பக்திப் பாட்டுப் பெட்டி, சின்ன ஸ்பீக்கர் எல்லாம் அதே அளவுக்குத் தொட்டி வைக்கத் தொடங்கின. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் ஸ்டாண்டர்டு என்று அறிவிக்கவுமில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டே வருடங்கள் ஆகின்றன. பிஎல்-5சி மட்டும் இன்றும் புதிதாக உற்பத்தியாகி, பெட்டிக்கடை அளவு மொபைல் கடையிலும் தொங்குகிறது. கம்பெனி தொழிலை விட்டே போனாலும் பேட்டரி கிடைக்கிறது என்றால் அதற்கு அளவு பொதுவாக இருந்ததுதான் காரணம்.

மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் எந்த பேட்டரியும் எப்படியாவது கிடைக்கும். ஏற்காடு மலையில் உள்ள மாரமங்கலம் கிராமத்தில் இருப்பவருக்கு அப்படி இல்லை. அவர் பஸ் பிடித்து ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து, "இந்த மாடலுக்கு ஆர்டர் போட்டுத்தான் வரணும், அடுத்த வாரம் வாங்க" என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்ப மலை ஏற வேண்டும். இரண்டு நாள் கூலி போச்சு. பொது அளவு இருந்தால் டார்ச் செல் விற்கும் மளிகைக் கடையிலேயே வாங்கி, அங்கேயே நின்று மாற்றிவிட்டுப் போவார்.

எல்லா போனுக்கும் ஒரே பேட்டரி என்பது நடக்கிற காரியமா? போனுக்குப் போன் அளவு வேறாயிற்றே?

ஒரே பேட்டரி வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. நாலைந்து அளவு போதும். ரிமோட்டுக்கும் கடிகாரத்துக்கும் போடும் செல்லிலேயே இரண்டு மூன்று அளவு இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. லித்தியத்திலும் முன்னுதாரணம் உண்டு. 18650 என்ற உருளை செல்லின் பெயரே அதன் அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். லேப்டாப், பவர் பேங்க், டார்ச் என்று எல்லாவற்றிலும் அது இருந்தது. டெஸ்லாவின் ஆரம்பகாலக் கார்கள்கூட ஆயிரக்கணக்கான 18650 செல்களை அடுக்கித்தான் ஓடின. வெளி அளவு மாறாமலே உள்ளே கொள்ளளவு வருடத்துக்கு வருடம் கூடியது.

போன்களும் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டன. சில வருடங்கள் நடுத்தர விலை போன் எதை எடுத்தாலும் பேட்டரிக் கொள்ளளவு பெரும்பாலும் 5000 மில்லி ஆம்பியர்-மணியாகத்தான் இருந்தது. பிரித்துப் பார்க்கிறவனுக்குத் தெரியும், இரண்டு கம்பெனி பேட்டரிகளைப் பக்கத்தில் வைத்தால் நீள அகலத்தில் சில மில்லிமீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். ஆனால் ஒன்றின் ரிப்பன் இடது பக்கம் வரும், மற்றொன்றின் கனெக்டர் வேறு மாதிரி இருக்கும். இதில் என்ன பெரிய தொழில்நுட்ப ரகசியம் இருக்கிறது என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

அளவு ஒன்றானால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பேட்டரிகள் 4.2 வோல்ட் வரை ஏறும். இப்போதைய பல போன்களில் 4.4 வோல்ட்டையும் தாண்டும். பழையதைப் புதியதன் சார்ஜில் மாட்டினால் ஆபத்து. வேக சார்ஜுக்காக ஒரே பேட்டரிக்குள் இரண்டு செல்லை வைத்தவையும் உண்டு. அதனால் பொது பேட்டரியில் மூன்று விஷயம் சேர்ந்தே முடிவாக வேண்டும்: வெளி அளவும் தகடு தொடும் இடமும், சூட்டை அளக்கும் சென்சார், "நான் இத்தனை வோல்ட் வரை, இத்தனை ஆம்பியர் வரை தாங்குவேன்" என்று போனிடம் சொல்லும் சின்ன சிப். போன் அதைக் கேட்டு, அதற்குள் சார்ஜை வைத்துக்கொள்ள வேண்டும். இன்று யூஎஸ்பி-சி சார்ஜரும் போனும் ஒயரில் இப்படித்தான் பேசி வோல்ட்டை முடிவு செய்கின்றன.

மடிக்கும் போன், மிக மெல்லிய போன் இதற்குள் அடங்காது. அடங்காவிட்டால் போகட்டும், அவற்றுக்கு விலக்குக் கொடுக்கலாம். பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்கு அந்தச் சாக்கு செல்லாது.

ஸ்டாண்டர்டு போட்டால் புதுக் கண்டுபிடிப்பு நின்றுவிடும் என்கிறார்களே?

சார்ஜர் விஷயத்திலும் இதையேதான் சொன்னார்கள். 2009-ல் ஐரோப்பாவில் ஏறத்தாழ 30 வகை சார்ஜர் இருந்தது. கம்பெனிகள் தாங்களாகவே ஒப்பந்தம் போட்டு மைக்ரோ யூஎஸ்பிக்கு வந்தன, வகை மூன்றாகக் குறைந்தது. மிச்சத்தை முடிக்கச் சட்டம்தான் தேவைப்பட்டது: 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம். அதனால் சார்ஜிங் வேகம் நின்றுவிட்டதா? அதே ஓட்டையில் வாட் ஏறிக்கொண்டேதான் போகிறது.

ஐரோப்பாவில் பேட்டரிக்கும் சட்டம் வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது, ஆனால் முழுசாக இல்லை. 2023-ல் நிறைவேறிய பேட்டரி ஒழுங்குமுறையின் 11-வது பிரிவு 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியை அதை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்பது அதன் சாரம். கடையில் கிடைக்கும் சாதாரணக் கருவி போதுமானதாக இருக்க வேண்டும். ஹீட் கன், கரைப்பான் திரவம் தேவைப்படக் கூடாது. அந்த மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டு பேட்டரி கிடைக்க வேண்டும். பொருந்தும் வேறு பேட்டரியைப் போடவிடாமல் சாஃப்ட்வேரால் தடுக்கவும் கூடாது.

ஸ்மார்ட்போனுக்கும் டேப்லெட்டுக்கும் தனி விதி ஒன்று 2025 ஜூன் 20 முதல் நடப்பில் இருக்கிறது. பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் (முழுதாக ஏறி இறங்குவது ஒரு சுற்று) 80 சதவீதக் கொள்ளளவு தாங்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. பேட்டரி 500 சுற்றில் 83 சதவீதம், 1000 சுற்றில் 80 சதவீதம் தாங்கி, போனும் தூசி புகாமல் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாக்குப்பிடித்தால், வாங்கியவரே மாற்றும் வசதி வேண்டியதில்லை, சர்வீஸ் ஆள் மாற்றினால் போதும். விலை உயர்ந்த போன்கள் பெரும்பாலும் இந்த வழியில் தப்பித்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். 1000 சுற்று தாங்கும் பேட்டரியும் நல்லதுதானே என்றால், ஆமாம், நல்லதுதான்.

பொது அளவைப் பற்றி இந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை. சட்டம் சொல்லும் ஆண்டுகள் முடிந்தால் பழைய கதைதான்.

நம் நாட்டில் என்ன நிலை?

துண்டு துண்டாக இருக்கிறது. 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்கின்றன. அதே வருடம் டிசம்பரில் நுகர்வோர் துறை பழுது நீக்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது. பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பொருட்களுக்கு மதிப்பெண் போடும் திட்டத்துக்கும் 2024-ல் குழு அமைத்தார்கள். யூஎஸ்பி-சிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) 2023 தொடக்கத்தில் தரம் வெளியிட்டது. பேட்டரியின் பாதுகாப்புக்கும் ஐஎஸ் 16046 என்ற தரம் கட்டாயமாக இருக்கிறது. பேட்டரியின் அளவுக்குத்தான் எதுவும் இல்லை. இவ்வளவு பெரிய சந்தை ஒரு அளவைக் கேட்டால் செய்து தரமாட்டேன் என்று எந்தக் கம்பெனியும் சொல்லப்போவதில்லை.

பொது பேட்டரி வந்தால் டூப்ளிகேட் பெருகாதா?

இப்போது மட்டும் குறைவா? ஒட்டிய போன்களுக்கு வரும் 'ஒரிஜினல்' பேட்டரிகளில் எது நிஜம் எது போலி என்று பிரித்துச் சொல்ல எங்களுக்கே சிரமம். கம்பெனி வெளியே விற்காது, ஆனால் கம்பெனி பெயர் போட்டு சரக்கு வரும். நூற்றுக்கணக்கான மாடலுக்கு நூற்றுக்கணக்கான பேட்டரி என்றால் எந்த அதிகாரி எதைச் சோதிப்பார்? நாலைந்து அளவுதான் என்றால் பெயர் பெற்ற பேட்டரி கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே இறங்குவார்கள். சோதிப்பதும் சுலபம்.

இப்போதைக்கு வாங்கும்போது பிஐஎஸ் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த மாதம் வருடம் பாருங்கள். அதே அளவில் கம்பெனி பேட்டரியைவிட ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று போட்டிருந்தால் அது பொய்.

வீட்டில் மாற்றினால் வெடித்துவிடாதா?

நேர்மையாகச் சொன்னால் ஒட்டிய பேட்டரியை நெம்பி எடுக்கும்போதுதான் ஆபத்து அதிகம். பை வளைந்தாலோ கிழிந்தாலோ தீப்பிடிக்கும். கெட்டி உறையோடு கழற்றிப் போடும் பேட்டரியில் அந்த வேலையே இல்லை.

பழுதான பேட்டரி சந்தைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவம் உண்டு. 2007-ல் பிஎல்-5சியில் ஒரு தயாரிப்பாளரிடமிருந்து வந்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஆகும்போது சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தது. பேட்டரி மேல் இருந்த எண்ணைப் பார்த்து, அதை மட்டும் மாற்றித் தந்தார்கள். போன் கையிலேயே இருந்தது. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தது. பேட்டரி உள்ளே ஒட்டப்பட்டிருந்ததால் முழு போன்களையே லட்சக்கணக்கில் திரும்பப் பெற்று, கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு 'இது அசல் பாகம் என உறுதிசெய்ய முடியவில்லை' என்று போன் சொல்கிறதே?

பேட்டரியில் இருக்கும் சிப்பின் எண்ணைப் போன் நினைவில் வைத்திருக்கும். வேறு எண் வந்தால் இந்தச் செய்தி. தகவலுக்காகச் சொல்வது தப்பில்லை. ஆனால் அதே சாக்கில் சில போன்கள் பேட்டரி ஆரோக்கிய சதவீதத்தை மறைத்து வந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

எளிதாக மாற்ற முடிந்தால் உங்கள் கடைக்கே வருமானம் போய்விடுமே?

பேட்டரி மாற்றும் கூலி போகும், பேட்டரி விற்கும் லாபம் நிற்கும். கம் காய்ச்சி முதுகுக் கண்ணாடி உடையாமல் எடுக்க அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வேலை போனால் எனக்குச் சந்தோஷமே. கண்ணாடி விரிசல் விட்டால் வாடிக்கையாளருக்கும் எனக்கும் நடக்கும் சண்டை இருக்கிறதே, அதை விடுங்கள்.

சாஃப்ட்வேர் அப்டேட் நின்ற போனுக்குப் புது பேட்டரி போட்டு என்ன லாபம்?

நியாயமான கேள்வி. பணம் அனுப்பும் செயலிகள் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டால் பேட்டரி மட்டும் புதிதாக இருந்து பயனில்லை. அப்டேட்டும் நீள வேண்டும். அந்த ஐரோப்பிய விதியில் மாடலின் விற்பனை முடிந்த பிறகு 5 ஆண்டு அப்டேட் என்பதும் உண்டு. பல கம்பெனிகள் இப்போது ஆறேழு ஆண்டு அப்டேட் என்று விளம்பரம் செய்கின்றன. அப்படிச் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் தளரும் பேட்டரியை உள்ளே ஒட்டிவைப்பதில் என்ன கணக்கு இருக்கிறது என்று விளக்கினால் தேவலை.

உப்பிய பேட்டரியை என்ன செய்வது?

சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். குத்தக் கூடாது, அழுத்தி மூடியைச் சேர்க்கப் பார்க்கக் கூடாது. கழற்ற முடிந்தால் தகடுகள் மேல் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். குப்பை வண்டியில் மற்றக் குப்பையோடு போடாதீர்கள், நசுங்கினால் வண்டியே எரியும். பழைய பேட்டரி சேகரிக்கும் கம்பெனி சர்வீஸ் மையத்திலோ, மின்கழிவு எடுக்கும் இடத்திலோ கொடுங்கள்.

பொது பேட்டரி வரும் வரை என்ன செய்யலாம்?

போனில் '80 சதவீதத்தோடு நிறுத்து' என்ற வசதி இருந்தால் போட்டு வையுங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வேண்டவே வேண்டாம். சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கமும் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

புது போன் வாங்கும்போது கேமராவை எத்தனை கேள்வி கேட்கிறீர்களோ அதில் ஒன்றையாவது பேட்டரிக்குக் கொடுங்கள். மாற்ற எவ்வளவு ஆகும், சேலத்திலேயே கம்பெனி சர்வீஸ் மையத்தில் கிடைக்குமா, எத்தனை வருடம் கிடைக்கும். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் அங்கேயே சர்வீஸ் மையத்துக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அதுவரை பணத்தை எடுக்காதீர்கள்.